பசுமை வீடு கட்டினால் சபை என்ன தரும்? யாழ்ப்பாணத்துக் கணக்கு

கேள்வி இதுதான்: "நல்லூர்ப் பக்கம், மாநகர சபை எல்லைக்குள் இரண்டு பரப்புக் காணியில் 1,200 சதுர அடியில் வீடு கட்டப்போகிறோம். மழைநீர்த் தாங்கி, சோலர், மண்கல் என்று சூழலுக்கு ஏற்றபடி கட்டினால் சபை வரியில் கழிவு தருமா? வேறு சலுகை ஏதும் உண்டா? அங்கெல்லாம் கொடுக்கிறார்கள் என்று வெளிநாட்டில் இருக்கும் அண்ணா சொல்கிறார்."

அண்ணா சொல்வது சரிதான். ஆனால் அங்கே கொடுப்பதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் உங்கள் கைக்கு ஒன்றும் வராது. சபையிடமிருந்து காசு வரும் என்று எண்ணி வீட்டுச் செலவுக் கணக்குப் போடவேண்டாம். சபையால் உங்களுக்கு வரக்கூடிய பெரிய நன்மை காசு அல்ல. வீட்டுப் படம் ஒரே தடவையில் சபையில் அனுமதியாவது, கட்டியதை உடைக்காமல் குடிபுகு சான்றிதழ் (படத்தின்படி கட்டியிருக்கிறீர்கள், குடிபோகலாம் என்று சபை தருவது) கிடைப்பது, உங்கள் கிணறும் அயலவர் கிணறும் பழுதாகாமல் இருப்பது, இவைதான்.

முதலில் சோலை வரியைப் பார்ப்போம். கழிவு என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது அதுதான். வரி உங்கள் வீட்டின் வருடாந்தப் பெறுமதியில், அதாவது வருடத்துக்கு அது என்ன வாடகைக்குப் போகும் என்று போடும் மதிப்பில், ஒரு வீதம். கணக்குக்காக வருடாந்தப் பெறுமதி 50,000 ரூபா, வரி 8 வீதம் என்று வைத்துக்கொண்டால் வருடத்துக்கு 4,000 ரூபா. சபை பெரிய மனது பண்ணி "பசுமைக் கழிவு" என்று 10 வீதம் விட்டாலும் 400 ரூபாதான். பத்து வருடம் சேர்த்தாலும் ஒரு லோட் சல்லிக்குக் காணாது. முழு வருட வரியையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் இப்போதே 10 வீதம் கழிக்கிறார்கள், காலாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் 5 வீதம். அதையே பலர் எடுப்பதில்லை. வரி இவ்வளவு சிறிதாக இருக்கும் இடத்தில் வரிக்கழிவு யாரையும் எதையும் கட்டவைக்காது.

அண்ணா கேள்விப்பட்ட திட்டங்கள் பெரும்பாலும் இன்னொரு வகை. சிங்கப்பூர் 2009 முதல் பசுமைத் தரச்சான்றின் உயர்படிகளைப் பெறும் கட்டடங்களுக்கு 2 வீதம் வரை கூடுதல் தளப்பரப்பு கட்டவிட்டது. அமெரிக்காவில் ஆர்லிங்ரன் நிர்வாகம் 1999 இலேயே இதே வகைச் சலுகையைத் தொடங்கியது. காணி விலை வானத்தைத் தொடும் ஊரில் ஒரு தளம் கூடக் கட்டவிடுவது காசைக் கையில் கொடுப்பதற்குச் சமம். உங்கள் காணியை எடுங்கள். ஒரு பரப்பு 10 பேர்ச், இரண்டு பரப்பு 5,445 சதுர அடி. மூன்றில் ஒரு பங்கை வெறுமையாக விட்டாலும் நிலத்தளத்தில் மட்டும் 3,600 சதுர அடிக்கு மேல் கட்டலாம். நீங்கள் கட்டுவதோ 1,200. கூடுதல் தளப்பரப்பு தந்தால் அதை வைத்து என்ன செய்வீர்கள்? ஸ்ரான்லி வீதியிலோ ஆஸ்பத்திரி வீதியிலோ நாலு மாடி எழுப்புகிறவருக்கு அது உதவும்.

நமக்குப் பொருந்தக்கூடியவை வேறு இரண்டு. மலேசியாவின் பெட்டாலிங் ஜெயா மாநகர சபை 2011 முதல் மின்சாரம், நீர், மரம், கழிவு என்று வீட்டில் செய்தவற்றுக்குச் சான்று காட்டும் சாதாரண வீட்டுக்காரருக்கு மதிப்பீட்டு வரியில் கழிவு கொடுத்தது. தரச்சான்றிதழ், ஆலோசகர் என்ற செலவு அதில் இல்லை. ஜேர்மனியில் பல நகரங்கள் எதிர்ப்பக்கமாகப் போகின்றன: கூரையிலும் முற்றத்துச் சீமெந்திலும் விழும் மழையை வீதி வாய்க்காலுக்கு விட்டால் அந்தப் பரப்புக்கு ஏற்றபடி கட்டணம், காணிக்குள்ளேயே இறக்கினால் குறைப்பு. ஒவ்வொரு மாரிக்கும் வீதியில் முழங்கால் வெள்ளம் நிற்கும் ஊருக்கு இது நல்ல பாடம்.

தமிழ்நாட்டில் இருந்தும் ஒரு பாடம் உண்டு. 2003 இல் மாநிலம் முழுவதும் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கி, அந்த ஓகஸ்ட் கடைசியைக் கெடுவாக வைத்தார்கள். வேலை மளமளவென்று நடந்தது, பல இடங்களில் நிலத்தடி நீரும் ஏறியது. ஆனால் கெடுவுக்காகக் கட்டிய குழிகளில் பல பின்னர் துப்புரவாக்க ஆளில்லாமல் தூர்ந்தன. கட்டும்போது மட்டும் பார்த்துவிட்டு விடும் எந்தத் திட்டத்துக்கும் இதுதான் கதி. யாழ்ப்பாணத்தில் சலுகை வந்தால் அது முதல் மாரி முடிந்த பிறகுதான் கைக்கு வரவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி உங்கள் சட்ட நிலை. "நல்லூர்" என்றாலே மாநகர சபை என்று நினைக்கவேண்டாம். திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் எல்லாம் நல்லூர் பிரதேச சபை. சோலை வரித் துண்டில் எந்தச் சபையின் பெயர் இருக்கிறதோ அங்கேதான் படம் போகவேண்டும். நகர அபிவிருத்தி அதிகாரசபையின் 1978 ஆம் ஆண்டின் 41 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பிரகடனம் செய்யப்பட்ட பகுதி என்றால் அதன் திட்டமிடல் ஒழுங்குவிதிகள் பொருந்தும். அதற்கு வெளியே 1915 ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம். கடற்கரைக்கு 300 மீற்றருக்குள் என்றால், குருநகர், பாசையூர்க்காரர் கவனிக்க, கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதியும் தேவைப்படும்.

மழைநீர் விடயத்தில் 2005 இல் தேசியக் கொள்கை வந்தது. 2007 இல் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் திருத்தப்பட்டு, 2009 இல் ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வந்தன. அதாவது நகரப் பகுதிகளில் மழைநீர்ச் சேகரிப்பு பல வகைக் கட்டடங்களுக்கு ஏற்கெனவே சட்டக் கடமை. உங்கள் வீடு அதற்குள் வருகிறதா, எவ்வளவு கொள்ளளவு கேட்கிறார்கள் என்பதைப் படம் கீற முன்னமே சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கடமையான ஒன்றுக்குச் சலுகை கேட்டால் எந்தச் சபையும் சிரிக்கும். கடமைக்கு மேலாகச் செய்வதற்குத்தான் கேட்கலாம்.

படம் இழுபடுவதற்குக் காரணம் பெரும்பாலும் பசுமையும் அல்ல, பொறியியலும் அல்ல, கடதாசி. சீதன உறுதியில் ஒரு பெயர், நில அளவைப் படத்தில் தாத்தாவின் பெயர், சோலை வரியில் இன்னொரு பெயர். உறுதியில் "கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலும்" என்று ஒரு வரி இருக்கும், அதை ஒருவரும் வாசிப்பதில்லை. பங்குக் கிணறு என்றால் அதன் மற்றப் பங்காளிகளும் உங்கள் மலசலகூடக் குழி எங்கே வருகிறது என்று கேட்கும் உரிமை உள்ளவர்கள். பிரிக்கப்படாத காணியில் கட்டுவதென்றால் கூட்டுரிமையாளரின் எழுத்துச் சம்மதம் வேண்டும், அவர் கனடாவில் இருந்தாலும். வீதிக்கோட்டுச் சான்றிதழ் (வீதிக்கென்று காணியில் எதுவரை விடவேண்டும் என்பதைக் காட்டுவது), உறுதிப் பிரதி, நில அளவைப் படம், வரி கட்டிய துண்டு ஆகியவற்றை முதல் மாதத்திலேயே எடுத்து வையுங்கள். வாடகை வீட்டில் இருந்துகொண்டு கட்டுகிறவருக்கு அனுமதி இரண்டு மாதம் முந்தி வந்தால், எந்த வரிக்கழிவையும் விட அது பெரிய காசு.

படம் கீறுபவரிடம் ஒரு தாளைத் தனியாகக் கேளுங்கள். கூரையின் பீலிகள், இறங்கு பைப்புகள், தாங்கி, முதல் நீர் கழிக்கும் பைப், உறிஞ்சு குழி, மலசலகூடத் தாங்கி, கிணறுகள் என்று நீர் போகும் வழி முழுவதும் அந்தத் தாளில் இருக்கவேண்டும். சாதாரணப் படத்தில் மூலையில் ஒரு வட்டம் போட்டு "மழைநீர்த் தாங்கி" என்று எழுதி விட்டுவிடுவார்கள். அளவு இல்லாததை உத்தியோகத்தரால் பின்னர் சரிபார்க்க முடியாது, சரிபார்க்க முடியாததுக்குச் சலுகையும் கிடையாது.

அந்தத் தாளில் முதலில் கீறவேண்டியவை வட்டங்கள். உங்கள் கிணறு, அயல் காணிக் கிணறுகள், எல்லாவற்றின் நடுவிலிருந்தும் 50 அடி ஆரத்தில் ஒரு வட்டம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வழக்கமாகக் கேட்கும் தூரம் அதுதான். 60 அடிக்கு 90 அடிக் காணியில் நாலு பக்கமும் கிணறு இருந்தால், வட்டங்கள் விழாத இடம் ஒரு மூலையில் ஒரு அறை அளவுக்குத்தான் மிஞ்சும், சில காணிகளில் அதுவும் மிஞ்சாது. வீட்டின் குளியலறைகள் அந்த மூலையைப் பார்த்து வரவேண்டும். பலர் அறைகளை வாஸ்துப் பார்த்து முடித்துவிட்டு, கடைசியில் குழிக்கு இடம் தேடுகிறார்கள். சபையில் படம் திரும்பி வருவது அங்கேதான்.

50 அடி விட்டால் தப்பிவிட்டோம் என்பதும் இல்லை. நம் காலுக்குக் கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். வெடிப்பும் பொந்துமான பாறை. மண்ணில் மெல்ல ஊறிச் சுத்தமாகும் தண்ணீர், இந்தப் பாறையில் வாய்க்கால்போல ஓடிப்போய் அடுத்த கிணற்றில் நிற்கும். ஆறில்லாத குடாநாட்டில் கிணற்றைக் கெடுத்தால் போக்கிடம் இல்லை. மலக்குழியும் தோட்டப் பசளையும் சேர்ந்து பல கிணறுகளில் நைத்திரேற்றை உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றியிருக்கின்றன. கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். கைக்குழந்தைக்குப் பால் கரைக்க அந்தத் தண்ணீர் ஆகாது.

"இருபது வருடம், எங்கள் குழி ஒருநாளும் நிரம்பவில்லை" என்று பெருமையாகச் சொல்வார்கள். நிரம்பாத குழி என்றால் அடி திறந்த குழி, எல்லாம் பாறைக்குள் போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள். மேசன்மார் அடியைப் பூசாமல் விடுவது சோம்பலால் அல்ல. வீட்டுக்காரரே குழியை உறிஞ்சி எடுக்கும் பவுசருக்குக் காசு கொடுக்க விரும்பாமல் அப்படிக் கேட்கிறார்கள். எஸ்.எல்.எஸ். 745 என்ற இலங்கைத் தரக்குறிப்பு இதற்கென்றே இருக்கிறது. அடியில் கொங்கிறீற், உள்ளே நீர்புகாப் பூச்சு, இரண்டு அறை, வரும் வாயிலும் போகும் வாயிலும் 'ரி' வளைவு. ஐந்து பேருக்கு 2 கன மீற்றருக்குக் குறையாத கொள்ளளவு. வெளிவரும் தெளிந்த நீரை ஆழக்குழிக்கு விடாமல், மேல்மண்ணில் 2 அடி ஆழத்தில் நீளமான சல்லிப் பாத்தியில் பரவவிட்டு, மேலே கல்வாழையோ வாழையோ வையுங்கள். பாறை ஒன்றரை அடியிலேயே தட்டுப்பட்டால் மண் கொட்டி மேட்டுப் பாத்தி. மூடியை வீதிப் பக்கமாக, பவுசரின் குழாய் எட்டும் தூரத்தில் வையுங்கள். சமையலறைக்குப் பின்னால் வைத்தால் பிறகு குழாயை விறாந்தையால் இழுக்கவேண்டி வரும்.

இப்போது மழைக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் வருடத்துக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை. அதில் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை கொட்டித் தீர்ந்துவிடும். 1,200 சதுர அடிக் கூரை 111 சதுர மீற்றர். தெறிப்பும் கசிவும் போக 80 வீதம் பிடித்தால் வருடத்துக்கு 111,000 லீற்றர். இதைக் கேட்டதும் பலர் மிகப் பெரிய தாங்கி கட்ட நினைக்கிறார்கள். தேவையில்லை. நாலு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு 8 லீற்றர் என்றால் நாளுக்கு 32 லீற்றர். 8,000 லீற்றர்த் தாங்கி 250 நாளைக்குக் காணும், தையிலிருந்து ஆவணிக் கடைசி வரை. அதை நிரப்ப 90 மில்லிமீற்றர் மழை போதும். மிச்சம் 100,000 லீற்றரையும் நிலத்துக்குள் விடுவதுதான் பெரிய வேலை, ஊருக்கும் அதுதான் லாபம். தாளையடியில் 2024 இல் திறந்த கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நாளுக்கு 24,000 கன மீற்றர் கொள்ளளவு கொண்டது. அந்த முறையில் ஒரு கன மீற்றர் நன்னீர் எடுக்கப் பொதுவாக 3 முதல் 4 அலகு மின்சாரம் செலவாகும். உங்கள் கூரை தரும் 100 கன மீற்றரை அந்த விலையில் கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு 300, 400 அலகு. சபைக்கு எழுதும்போது இந்தக் கணக்கைப் போடுங்கள், "சூழல் நேயம்" என்ற சொல்லைவிட வேலை செய்யும்.

பீலியில்தான் பெரும்பாலான மழைநீர்த் திட்டங்கள் சாகின்றன. மட்டமாகப் பூட்டிய பீலியில் தண்ணீர் தேங்கும். தேங்கினால் நுளம்பு, நுளம்பு என்றால் டெங்கு. மாரி முடியும் நேரத்தில் டெங்குப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் முதலில் நிமிர்ந்து பார்ப்பது பீலியைத்தான். 150 அடிக்கு ஓரடி சரிவு வேண்டும், அதாவது 30 அடிப் பீலிக்கு இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைய. தாங்கு கம்பி இரண்டரை அடிக்கு ஒன்று. கூரைக்கும் மதிலுக்கும் இடையில் கொங்கிறீற்றில் மறைத்து வைக்கும் பீலி வேண்டவே வேண்டாம், அதை ஒருவரும் ஏறித் துடைக்கமாட்டார்கள். 45 சதுர மீற்றர்க் கூரைக்கு ஒரு 90 மில்லிமீற்றர் இறங்கு பைப் என்று வைத்தால் உங்களுக்கு மூன்று.

முதல் மழை கூரையிலிருக்கும் தூசி, காக்கை எச்சம், வேப்பஞ்சருகு எல்லாவற்றையும் கொண்டுவரும். சதுர மீற்றருக்கு அரை லீற்றராவது கழித்துவிடவேண்டும், ஆக 55 லீற்றர். 160 மில்லிமீற்றர் பி.வி.சி. பைப் ஒரு மீற்றரில் கிட்டத்தட்ட 18 லீற்றர் கொள்ளும். 3 மீற்றர்த் துண்டு ஒன்றை நிறுத்திவைத்து அடியில் திருகு மூடி போட்டால் அளவு சரியாக வரும். மூடியில் ஊசித்துளை ஒன்று போடுங்கள், அடுத்த மழைக்கு முன் தானாக வடிந்துவிடும். துளையில்லாத மூடியை ஒவ்வொரு மழைக்கும் திறந்துவிட எந்த வீட்டிலும் ஆள் கிடையாது. தாங்கியின் எல்லா வாய்க்கும் 1 மில்லிமீற்றர் வலை, நிரம்பி வழியும் பைப்புக்கும்தான். அதைத்தான் மறப்பார்கள். பழைய அஸ்பெஸ்ரோஸ் சீற் கூரைத் தண்ணீரைக் குடிக்கும் தாங்கிக்கு விடவேண்டாம், நிலத்துக்கு விடுங்கள்.

தாங்கி நிரம்பி வழிவதை உறிஞ்சு குழிக்கு விடுங்கள். நேரே கிணற்றுக்குள் பைப்பை விடுவது இங்கே பலர் செய்வது. வடிகட்டாத கூரைத்தண்ணீரை வெடிப்புப் பாறைக்குள் ஊற்றுவது அது. குழி 4 அடிக்கு 4 அடி, ஆழம் உங்கள் இடத்து மாரி நீர்மட்டத்தைப் பார்த்து. அதைக் கணக்கில் எடுக்காததே பெரிய பிழை. கோடையில் கிண்டி 8 அடிக்கு இறக்குவார்கள். மார்கழியில் கடனீரேரிப் பக்கத்துத் தாழ்வான காணிகளில் நீர்மட்டம் காலடிக்கே வந்துவிடும், குழி கிணறாகி நிற்கும், ஒரு சொட்டும் இறங்காது. மார்கழியில் பக்கத்துக் கிணற்றின் தண்ணீர் தரையிலிருந்து எத்தனை அடியில் நிற்கிறதென்று கேட்டு, குழியின் அடி அதற்கு 2 அடியாவது மேலே நிற்கும்படி வையுங்கள். இடம் தாழ்வு என்றால் குழியை விட்டு, வேலியோரம் ஆழம் குறைந்த நீளக் கால்வாய் வெட்டுங்கள். அடியில் கைப்பிடிக் கற்கள், மேலே முக்கால் அங்குலச் சல்லி, அதன்மேல் வலை விரித்து ஓரடி மணல். ஒவ்வொரு புரட்டாதியிலும் மேல்மணலில் இரண்டு அங்குலத்தைச் சுரண்டி எறிந்து புதிது போடவேண்டும்.

இத்தனையும் செய்துவிட்டு முற்றம் முழுவதும் இன்ரர்லொக் கல் பதிக்கிறார்கள். மூன்றில் ஒரு பங்கு வெளி விடவேண்டும் என்று சட்டம் சொல்வதை அளவில் நிறைவேற்றி, பயனில் அழித்துவிடுகிறார்கள். வாகனத்தின் இரு சில்லுக்கும் இரண்டு கோடு பதித்துவிட்டு மற்றதை மணல் முற்றமாக விடுங்கள்.

சுவரும் கூரையும் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அமுக்கிய மண்கல்லுக்கு எஸ்.எல்.எஸ். 1382 என்ற தரம் உண்டு. 5 முதல் 8 வீதம் சீமெந்து சேர்த்து அச்சில் அமுக்கிச் செய்வது, சூளை விறகு மிச்சம். ஆனால் நம் செம்மண்ணில் பல இடங்களில் களி கூட. மணல் சேர்க்காமல் செய்தால் காயும்போது வெடிக்கும். போத்தலில் மண்ணும் தண்ணீரும் குலுக்கி ஒருநாள் வைத்தால் அடியில் படியும் மணல் பாதிக்கு மேல் இருக்கவேண்டும். குறைந்தது மூன்று கிழமை சாக்குப் போட்டு ஈரமாக வைக்கவேண்டும். "இரண்டு நாளில் தருகிறேன்" என்பவரிடம் வாங்கவேண்டாம். மணலுக்குக் கனியவளப் பணியகத்தின் அனுமதி பெற்ற லோட் என்பதைத் துண்டு பார்த்து வாங்குங்கள். குடத்தனை, மணற்காட்டு மணற்மேட்டைக் கரைத்துக் கட்டிய வீட்டுக்கு எந்தப் பசுமைப் பெயரும் பொருந்தாது. பழைய வீடு இடிப்பதாக இருந்தால் சுண்ணாம்புக் கல்லும் நிலை கதவுகளும் பனஞ்சலாகைகளும் திரும்பப் பாவிக்கத் தக்கவை. புதிதாகப் பெண் பனை தறிக்கப் பிரதேச செயலகத்தில் அனுமதி எடுக்கவேண்டும்.

வீடு குளிர்வது திசையில் இருக்கிறது. நீளப்பக்கம் கிழக்கு மேற்காக ஓடட்டும், மேற்குச் சுவருக்கு இரண்டரை மூன்று அடித் தாழ்வாரம் வேண்டும், தென்மேற்கில் சோழகம் வரும் வழியில் யன்னல், வாடை மழை அடிக்கும் வடகிழக்குக்கு மறைப்பு. ஓட்டுக்குப் பதில் வெறும் கொங்கிறீற் பிளேற் போட்டுவிட்டுப் பிறகு ஏசி பூட்டுவதை என்னவென்று சொல்வது.

சோலர் சபையின் கையில் இல்லை, மின்சாரப் பகுதியின் கையில். 2016 இல் தொடங்கிய 'சூர்ய பல சங்கிராமய' என்ற கூரைச் சோலர் திட்டத்தில், வீட்டுக்காரர் விற்கும் மின்சாரத்துக்கு ஆரம்பத்தில் முதல் ஏழு வருடம் அலகுக்கு 22 ரூபா, பிறகு 13 வருடம் 15.50 ரூபா என்று 20 வருட ஒப்பந்தம். அதற்குப் பிறகு விலை பலதடவை மாறிவிட்டது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் வாங்கும் விலை உங்களுக்கான விலை அல்ல, கையெழுத்திடும் நாளின் விலைதான் உங்களுடையது. இங்கே ஒரு கிலோவாற் மாதத்துக்கு ஏறத்தாழ 120 அலகு தரும். உங்கள் பாவனை 200 அலகு என்றால் 2 கிலோவாற் போதும். விற்றுச் சம்பாதிக்கலாம் என்று 10 கிலோவாற்றுக்குக் கடன் எடுக்க முன் இன்றைய விலையில் கணக்குப் போடுங்கள். உங்கள் தெரு மின்மாற்றியில் இடமிருக்கிறதென்று மின்சார அலுவலகம் எழுத்தில் சொன்ன பிறகே நிறுவனத்துக்கு முற்பணம் கொடுங்கள். கடற்காற்று வீசும் இடத்தில் அலுமினியச் சட்டமும் துருப்பிடிக்காத உருக்குத் திருகாணியும் வேண்டும். மேலேயுள்ள தண்ணீர்த் தாங்கியின் நிழல் தகட்டில் விழாதபடி இடத்தைப் படத்திலேயே குறியுங்கள்.

இலங்கைப் பசுமைக் கட்டடப் பேரவையின் 'கிறீன்எஸ்.எல்.' தரச்சான்று நல்லதுதான், ஆனால் 1,200 சதுர அடி வீட்டுக்கு அல்ல. விடுதி, வங்கி, மருத்துவமனை கட்டுகிறவர்கள் பார்க்கட்டும்.

சரி, சபையிடம் என்ன கேட்கலாம்? காசில்லாத சபையிடம் அதனிடம் இருப்பதைக் கேட்கவேண்டும். நீர் போகும் வழியைக் காட்டும் அந்தத் தனித்தாள் உள்ள படங்களைத் திட்டமிடற் குழுவின் முதல் அமர்விலேயே எடுப்பது. பாறையின் ஆழம், மாரி நீர்மட்டம் இரண்டையும் பார்த்து மூன்று நாலு மாதிரி வரைபடங்கள் செய்து இலவசமாகக் கொடுப்பது. அடி பூசிய மலசலகூடத் தாங்கிக்குச் சபைப் பவுசரைக் குறைந்த கட்டணத்தில் அனுப்புவது, இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், அடியைத் திறந்துவிடும் ஆசையை வேரோடு அறுப்பது இதுவே. படக் கட்டணத்தில் சபைக்குச் சேரும் பங்கில் ஒரு பகுதியை, மாரியில் வந்து பார்த்த பிறகு குடிபுகு சான்றிதழோடு திருப்பிக் கொடுப்பது. இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபாவை அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டம் பார்த்துக் கொடுத்ததைப் பார்த்தவர்கள் நாம், வேலையைப் பார்த்துக் காசு விடும் முறை இங்கே புதிதல்ல.

நகர அபிவிருத்தி அதிகாரசபையின் ஒழுங்குவிதியில் குறித்த கட்டணத்தைச் சபை தன்பாட்டில் குறைக்க முடியாது. தன்னுடைய சேவைக் கட்டணங்களில் கைவைக்கலாம், அதற்குச் சபைத் தீர்மானம் வேண்டும், பாதீட்டில் வரவேண்டும். வரி வீதத்தைத் தொடுவதென்றால் மாகாண மட்ட அனுமதியும் வேண்டும். 2018 ஒக்ரோபர் முதல் மாகாண சபை இல்லாததால் அது ஆளுநர், உள்ளூராட்சித் திணைக்களம் வழியாகப் போகும். ஆகவே கோரிக்கையைப் பாதீடு தயாராகும் காலத்துக்கு முன், ஆவணி புரட்டாதியிலேயே, உங்கள் வட்டார உறுப்பினரின் கையில் எழுத்தாகக் கொடுங்கள். மார்கழியில் கொடுத்தால் அடுத்த வருடம்தான்.

இப்போது என்ன சலுகை உண்டு என்பதை வாய்மொழியாகக் கேட்டு அலையவேண்டாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் எழுதிக் கேளுங்கள். தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் முடிவுசெய்யவேண்டும். மூன்று கேள்வி போதும்: வீட்டுப் படத்துக்கான கட்டண விபரமும் அதில் சபையின் பங்கும், மழைநீர் அல்லது சூழல்சார் கட்டுமானத்துக்குக் கட்டணக் குறைப்புத் தரும் சபைத் தீர்மானம் ஏதும் இருந்தால் அதன் பிரதி, உங்கள் காணிக்குப் பொருந்தும் மழைநீர் ஒழுங்குவிதியின் கொள்ளளவு. சோலை வரி இலக்கத்தையும் நில அளவைப் பட இலக்கத்தையும் கடிதத்தின் தலையிலேயே எழுதுங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது கேள்விக்குப் "பொதுவாக" என்று தொடங்கும் பதில்தான் வரும்.